சடைக்குப் பல் முளைத்த வருஷம்

தேன்மொழி தன் சடையை வெட்டிப் போட்ட மறுநாள் காலையில் அது பாம்பாகிக் கிடந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அம்மா அஞ்சலை டீக்குத் தண்ணீர் வைத்தாள். முந்தின நாள் அழுதுகொண்டே பட்டுப்புடவைப் பெட்டியில் எடுத்து வைத்த மகளின் முடியை இன்னொரு தடவை பார்த்து அழுதுவிட்டு அடுப்படிக்குப் போகலாம் என்று மூடியைத் திறந்தவள், இடுப்புக்குக் கீழே தொங்கிய அந்த மூன்று கால் சடை இருந்த இடத்தில், ஒரு சாண் நீளத்தில், சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு குட்டிப் பாம்பு, ஆரஞ்சு நிற உடம்பில் சிவப்புத் திட்டுகளும் திட்டுகளைச் சுற்றிக் கறுப்புக் கரையுமாக, ரப்பர் பேண்டைத் தலையணையாக வைத்துத் தூங்குவதைக் கண்டாள். அழுவதற்கு இனி அங்கே ஒன்றும் இல்லை என்பதால் மூடியைப் போட்டு அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள், பாலை அடுப்பில் ஏற்றினாள், பிறகு உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தேனு, உன் முடி எழுந்திரிச்சிருச்சு. வந்து பாரு."

அப்பா கலியமூர்த்தியும் வந்து பார்த்தார். "கறுப்பாத்தானே இருந்துச்சு?" என்றார்.

"மாசா மாசம் மருதாணி வெச்சா பின்ன எப்படி இருக்கும்?" என்றாள் அஞ்சலை. அந்த வீட்டில் காரணம் பற்றிய விசாரணை அதோடு முடிந்தது.

சடை ஏன் பாம்பானது என்று கேட்டால் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது, ஆனால் சடை ஏன் வெட்டப்பட்டது என்று கேட்டால் தேன்மொழி ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவாள், பேர்தான் தேன்மொழி. திருச்சியில் விலங்கியல் எம்.எஸ்ஸி. கடைசிப் பருவத்தில் இருந்தவளை, அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று பொய் சொல்லி ஊருக்கு வரவழைத்து, குளிக்க வைத்து, புடவை கட்டி, அரியலூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிறுத்தினார்கள். மாப்பிள்ளை அருள்மணி சிங்கப்பூரில் இருந்தபடி வீடியோவில் தலையை மட்டும் காட்டினான். அவனுடைய அம்மா மீனாம்பாள், அகலமான முகமும் அதைவிட அகலமான ஜரிகையும் உடைய பெண்மணி, பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்கவில்லை, மேலே என்ன செய்யப் போகிறாள் என்று கேட்கவில்லை, "கொஞ்சம் திரும்பி நிக்கச் சொல்லுங்க சம்பந்தி" என்றுதான் கேட்டாள். திரும்பி நின்றவளின் சடையைப் பிடித்து, சவுரி ஏதும் வைத்திருக்கிறார்களோ என்று இரண்டு தடவை சுண்டி இழுத்துப் பார்த்தாள், பிறகு கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்துச் சாண் சாணாக அளந்துகொண்டே இறங்கி, "அஞ்சு சாண்" என்று அறிவித்தாள். "எங்க வீட்டுக்கு வந்த எவளுக்கும் அஞ்சு சாணுக்குக் குறைஞ்சதில்ல."

மாட்டுச் சந்தையில்கூட முதலில் பல்லைத்தான் பிடித்துப் பார்ப்பார்கள், அதாவது மாட்டின் முகத்துக்கு நேராக வந்து நிற்கிற மரியாதை அங்கே இருக்கிறது. தேன்மொழியை முதுகுப் பக்கமாகவே பார்த்து, முதுகுப் பக்கமாகவே பேசி முடித்து, தை மாதத்தில் கல்யாணம் என்று தட்டு மாற்றாத குறையாகச் சொல்லிவிட்டுக் கேசரியைச் சாப்பிட்டுப் போனார்கள். அவர்கள் கார் ரைஸ்மில் வளைவு திரும்பியதோ இல்லையோ, தேன்மொழி, அப்பா சோள மூட்டைகளின் சணலை வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து, தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், கழுத்தை ஒட்டி நாலே வெட்டில் சடையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். "அவங்களுக்கு வேணுங்கிறது இதுதானே. பார்சல் பண்ணி அனுப்பு."

பெரம்பலூருக்குப் பக்கத்தில் இருக்கிற மேலப்புதூர், தார்ச்சாலையின் பாதி அகலத்தை எடுத்துக்கொண்டு மக்காச்சோளம் காயப்போடுகிற ஊர். அங்கே ஒரு வீட்டில் முடி பாம்பானால் அடுத்த தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும், டீ ஆறுகிற நேரம்தான் ஆனது. பக்கத்து வீட்டு லூர்துமேரி டீச்சர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஹாஸ்டல் தண்ணிதான் காரணம், எங்க அக்கா மகளுக்கு முழுசா கொட்டியே போச்சு, உங்களுக்கு இந்த மட்டுல நின்னுச்சேன்னு கர்த்தருக்கு நன்றி சொல்லுங்க" என்றார். மேலத்தெருப் பெண்கள் சொம்பில் பாலும் கிண்ணத்தில் மஞ்சளும் கொண்டுவந்தார்கள். பாம்பு பிடிக்கிறவர் வளைந்த கம்பியோடு பைக்கில் வந்து இறங்கினார், நிதானமாகப் பார்த்தார், "பாம்புன்னா புடிச்சிட்டுப் போயிருவேன், இது வீட்டுப் பொண்ணோட தலைமுடி, அதை நான் தொடுறது முறையில்ல" என்று சொல்லி ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். சவுரிமுடிக்காரர் மட்டும்தான் கொஞ்சம் தகராறு செய்தார். தலையில் உதிர்ந்த முடிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற அவர், கடிக்கிற முடிக்குத் தட்டு தர முடியாது, மூடி வேண்டுமானால் தரலாம் என்றார்.

பால் சொம்புகளை மறித்து நின்று தேன்மொழி பேசினாள். இது நல்லபாம்பு இல்லை, இதற்கு விஷம் இல்லை, நாகதோஷத்துக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது, எந்தப் பாம்பும் பாலைத் தேடிக் குடிக்காது, இது அமெரிக்காவில் சோளம் சேமிக்கிற கிடங்குகளில் எலி தின்று வளர்கிற இனம், அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூனைக்குட்டி மாதிரி வீட்டில் வளர்க்கிறார்கள், பேர் கார்ன் ஸ்நேக், தமிழில் வேண்டுமானால் சோளப்பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், வயிற்றைத் திருப்பிப் பாருங்கள், கறுப்பும் வெளுப்புமாகச் சதுரம் சதுரமாகக் கலப்புச் சோளக் கதிர் மாதிரியே இருக்கும். இவ்வளவையும் கேட்ட கூட்டம் அதிலிருந்து ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு கலைந்தது. மறுநாள் கமிஷன் மண்டி ஆட்கள் மொத்தமாக வந்து, அந்த வெள்ளாமையிலேயே முத்தான கதிர்களாகப் பொறுக்கி, பாம்புக்கு முன்னால் படையல் வைத்தார்கள். குட்டிப் பாம்பு கதிர்களின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. "பாத்தீங்களா, நம்ம சரக்கு" என்றார் குடோன் வைத்திருக்கிற மாரிமுத்து, கண் கலங்கி.

அஞ்சலைதான் வழி கண்டுபிடித்தாள். வெட்டிய முடியில் சவுரி கட்டிவிடலாம் என்றிருந்தவள், இப்போது இன்னும் சௌகரியமாகப் போயிற்று என்றாள். "இப்ப ஒரு சாண் இருக்கு. பங்குனி இது. வயித்துக்கு நல்லாப் போட்டா தைக்குள்ள அஞ்சு சாண் ஆயிரும். கல்யாணத்தன்னிக்குக் கழுத்துல போட்டுப் பூ சுத்திட்டா எவளுக்குத் தெரியப்போவுது?" தெருவே யோசித்துப் பார்த்து, ஆமாம், எவளுக்கும் தெரியாது என்றது. மணப்பெண் அலங்காரம் செய்கிற பெண்ணிடம் ஃபோன் போட்டுக் கேட்டதற்கு, அதெல்லாம் பண்ணிடலாம் ஆன்ட்டி, ஹேர் ஸ்பிரே மட்டும் ஒத்துக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க என்றாள்.

கல்யாணத்துக்குத் தான் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பதைத் தேன்மொழி எல்லோரிடமும் தனித்தனியாகவும் மொத்தமாகவும் சொன்னாள், ஆனால் பாம்பை வளர்ப்பதற்கு அவளும் மறுப்புச் சொல்லவில்லை. அது அவள் முடி. அவள் தலையில் முளைத்தது, அவள் ரத்தத்தில் வளர்ந்தது, அதை யார் வளர்ப்பது என்பதில் வாதத்துக்கே இடமில்லை. அரிசி கொட்டுகிற பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் சூட்டுக்கோலால் துளை போட்டாள், அடியில் தினசரித் தாளை விரித்தாள், ஒளிந்துகொள்ள ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாள், தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள், ஒரு பக்கம் கதகதப்பாகவும் ஒரு பக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்பதால் டப்பாவின் ஒரு ஓரத்தை டி.வி.யின் செட்டாப் பாக்ஸ்மேல் ஏற்றினாள். மூடிக்கு மேலே அதே குழவி. ஒரு விரல் இடம் கிடைத்தால் வெளியேறிவிடுகிற ஜாதி அது. ஹாஸ்டல் தோழி ஷாகிரா திருச்சியில் வளர்ப்புப் பிராணிக் கடையில் வாங்கி, ஐஸ்கட்டி போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கண் திறக்காத எலிக்குஞ்சுகள், ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் பட்டர்ஸ்காட்ச் என்று எழுதிய டப்பாவில் இருந்தன. கலியமூர்த்தி ஒரு மத்தியானம் அந்த டப்பாவை ஆசையாகத் திறந்தவர் அதற்குப் பிறகு ஐஸ்கிரீமே கேட்டதில்லை.

பழக்குவதற்கும் முறை இருக்கிறது, அந்த முறை அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். முதல் வாரம் தொடவே கூடாது. இரை தின்ற பிறகு இரண்டு நாள் தூக்கக் கூடாது, கக்கிவிடும். எலி வாசனையுள்ள கையோடு போகக் கூடாது. மேலிருந்து கையை இறக்கக் கூடாது, மேலிருந்து வருவதெல்லாம் அதற்குப் பருந்துதான். பக்கவாட்டில், மெதுவாக, வயிற்றுக்குக் கீழே விரலைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்காமல், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஓட விட வேண்டும். தலையைப் பிடிக்கவே கூடாது. பல்லுத் துலக்குகிற நேரம் வைத்திருந்தால் போதும், நாளைக்குக் கொஞ்சம் கூட. கண்ணில் நீலம் பாய்ந்து மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம், அந்த நாட்களில் அதற்குக் கண்ணும் தெரியாது, கோபமும் அதிகம், கிட்டவே போகக் கூடாது.

அத்தனையையும் ஒன்று விடாமல் செய்தாள், அத்தனை தடவையும் அது அவளைக் கடித்தது.

பெரிய கடி இல்லை. முள்வேலியில் கை பட்ட மாதிரி வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள், துடைத்தால் போய்விடும். ஆனால் அவளைக் கண்டதுமே கழுத்தை வளைத்து மடக்கிக்கொண்டு, வாலைத் தாளில் படபடவென்று அடித்து, கையைக் கொண்டுவரட்டும் என்று காத்திருந்து கடித்தது. தூக்கிவிட்டால் நாற்றம் பிடித்த ஒன்றைக் கையில் பீச்சியது. கடிக்கும்போது கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்று படித்திருந்ததால் இழுக்காமல் இருந்தாள், அதனால் இன்னும் நன்றாகக் கடித்தது.

மற்றவர்களோ எந்த முறையும் தெரியாதவர்கள். அஞ்சலை கருவாடு கழுவிய கையோடு, கொடியில் காய்கிற துணியை உருவுவதுபோல மேலிருந்தே கொத்தாகத் தூக்குவாள், அது அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வளையல் மாதிரி கிடக்கும், அவள் அப்படியே வெங்காயம் அரிவாள். கலியமூர்த்தியின் சட்டைப்பையில் உட்கார்ந்து மண்டிக்குப் போய் எடைபோடுவதைப் பார்த்துவிட்டு வரும். லூர்துமேரி டீச்சர் பரீட்சைத் தாள் திருத்தும்போது அவர் தோளிலிருந்து எட்டிப் பார்க்கும், தப்பான விடைக்கு நாக்கை நீட்டும் என்றும் அவர் சொல்லிக்கொண்டார். சவுரிமுடிக்காரர்கூட ஒரு நாள் கையில் வாங்கிப் பார்த்து, "பட்டு மாதிரி இருக்கும்மா, நுனி வெடிப்பே இல்ல" என்றார்.

"அதுக்கு எங்க கையெல்லாம் பழக்கம்டி," என்றாள் அஞ்சலை. "எத்தனை வருஷம் எண்ணெய் வெச்சுப் பின்னி விட்டிருப்பேன். நீ பின்னிக்கிட்டதுண்டா ஒரு நாளாச்சும்?"

"அது என் தலையிலதாம்மா இருந்துச்சு."

"இருந்துச்சு."

பரீட்சை எழுதி முடித்து, ஆராய்ச்சிப் படிப்புக்கு இடமும் கிடைத்து, போகலாமா கூடாதா என்பதைக் கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் உட்கார வைக்கப்பட்ட அந்தக் கோடை முழுக்க, தேன்மொழி தினம் டப்பாவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாம்பின் மூஞ்சிக்கு நேராக வாதாடினாள். "இங்க பாரு. உன்னை வெட்டினது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். அன்னிக்கு உன்னைப் புடிச்சு இழுத்தப்ப வலிச்சது உனக்கா எனக்கா? வேர் யார்கிட்ட இருந்துச்சு? நீ கோபப்பட வேண்டியது அந்தம்மா மேல, என்மேல இல்ல. இதுக்கு உன்கிட்ட பதில் இருந்தா சொல்லு." அதனிடம் பதில் இருந்தது, மூக்கின் நுனியில் கிடைத்தது. ஆடியில் இரண்டு சாண், ஆவணியில் மூன்று. மாதம் ஒரு சட்டை உரித்தது. உரித்த சட்டையை விரித்துப் பார்த்த கலியமூர்த்தி, "பாம்பைவிட சட்டை நீளமா இருக்கே பாப்பா?" என்றார். "உரியும்போது தோல் இழுபடும்ப்பா. சட்டை எப்பவும் நீளமாத்தான் இருக்கும்." "மனுசன் சட்டைதான் சுருங்குது" என்று அவர் அதை மடித்து வைத்தார்.

கார்த்திகையில் பூ வைக்கிற சடங்குக்கு நாள் குறித்தார்கள். அப்போதுதான் குடோன் மாரிமுத்து வந்து உட்கார்ந்து, எலித் தொல்லை தாங்கவில்லை, பாம்பைக் கொடுத்தால் குடோனில் ராஜா மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். கலியமூர்த்தி மகளைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, நியாயம் பேசுகிறவர், அதுதான் கஷ்டம்.

"பூ வைக்கிறதுக்குள்ள உன் கழுத்துல நின்னுச்சுன்னா சரி பாப்பா. இல்லன்னா மாரிமுத்து அண்ணன்கிட்ட குடுத்துடலாம், உனக்கு சவுரி வாங்கிக்கலாம். உன்னை மட்டும்தானே கடிக்குது. அப்புறம் உனக்கெதுக்கும்மா அது?"

ஊரே தலையாட்டியது. தேன்மொழிக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. அது அவளிடம் வந்தால் ஐந்து சாண் சடையோடு அரியலூருக்கு மருமகளாக வேண்டும், வராவிட்டால் அவளுடைய முடி யாரோ ஒருத்தருடைய குடோனில் எலி பிடிக்கும். இதில் எது பரவாயில்லை என்று ஷாகிரா ஃபோனில் கேட்டாள். "கல்யாணத்தை எப்ப வேணா நிறுத்திக்கலாம்டி," என்றாள் தேன்மொழி. "என் உடம்புலேருந்து வந்தது ஊர்ல எல்லார் கைக்கும் போகுது, என் கைக்கு வரலைன்னா, நான் யாருடி?"

சடங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாம்பின் கண்ணில் நீலம் பாய்ந்தது. உடம்பு மங்கி, சாம்பல் பூசினாற்போலாகி, சிரட்டைக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. இப்போது தொடவே கூடாது என்றாள் தேன்மொழி. பஞ்சாங்கத்தில் வேறு நாளே இல்லை என்றாள் அஞ்சலை. பாம்புக்குப் பஞ்சாங்கம் தெரியுமா என்று இவள், உனக்கு என்னதான் தெரியும் என்று அவள், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகிறவரை கத்தினார்கள். கடைசியில் அஞ்சலை எழுந்து போய்விட்டாள். தேன்மொழி பாம்பின் பக்கம் திரும்பி, "நீயும் அவங்க கட்சிதான்" என்றாள். அது சீறிக்கொண்டு வாலை அடித்தது. "போ," என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாதத்தைப் பாதியில் விட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வால் அடிக்கிற சத்தம் நின்றது.

முதலில் அவள் கவனிக்கவில்லை. பிறகு இடுப்பில், பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில், குளிர்ச்சியாக ஒன்று பட்டது. நாக்கு. ஒரு நொடி விட்டு இன்னொரு தடவை. மேல்தோல் மங்கிக் கண் தெரியாத அந்த ஜந்து, இருபத்திரண்டு வருஷம் தான் கிடந்த இடத்தின் வேர்வையையும் தேங்காய் எண்ணெயையும் முகர்ந்து முகர்ந்து, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாக, அவசரமே இல்லாமல், வீடு திரும்புகிற மாதிரி மேலே ஏறியது. தேன்மொழி மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சடையாக இருந்தவரை அது அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. பிறந்ததிலிருந்து அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த முதுகுதான், பின்னிவிட்ட கைகள்தான், பின்பெஞ்சில் உட்கார்ந்து நுனியைப் பேனாவில் சுற்றி விளையாடிய பிள்ளைகள்தான். எட்டு மாதமாக யாரோ ஒரு பெண் வந்து வந்து எதிரில் உட்கார்ந்து கத்திவிட்டுப் போகிறாள், அவள் யாரென்று அது எப்படி அறியும்? பிடரியில் வெட்டுப்பட்டுக் குட்டையாக நின்ற முடிக்குள் தலையை நுழைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மிச்ச உடம்பைத் தொங்கவிட்டு அது அமைதியானது. அந்தப் பாரம் அவளுக்குத் தெரிந்த பாரம். அழுகை வந்தது, அசையாமல் அழுதாள்.

சடங்கன்று பாம்பின் கண் தெளிந்திருந்தது, ஆனால் சட்டை இன்னும் உரியவில்லை. "இன்னிக்கோ நாளைக்கோ உரிக்கும். யாரும் தொடக் கூடாது," என்றாள் தேன்மொழி. "யாரு தொடப்போறா, பூதானே வெக்கப்போறாங்க," என்று அஞ்சலை மகளின் பிடரியில் தொங்கிய பாம்பின்மேல் முல்லைச் சரத்தைத் தளர்வாகச் சுற்றி, குட்டை முடியில் இரண்டு கொண்டை ஊசி குத்தினாள். கூடம் நிறைய ஜனம். மீனாம்பாள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும், "கொஞ்சம் திரும்பி நிக்கச் சொல்லுங்க சம்பந்தி" என்றாள்.

திரும்பி நின்றாள். விரல்கள் பிடரியிலிருந்து இறங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"நாலு சாண்தான் இருக்கு," என்றாள் மீனாம்பாள்.

அஞ்சலை "அது வந்து, சம்பந்தி" என்று தொடங்கினாள்.

"பாம்பானது எங்களுக்கும் தெரியும். அரியலூர் வரைக்கும் பேசிக்கிட்டாங்க. பாம்பா ஆனதை நான் ஒரு குத்தமா சொல்லல, இந்தக் காலத்துப் பிள்ளைங்க, ஷாம்பு கீம்பு போடுதுங்க. ஆனா அஞ்சுன்னு பேசிட்டு நாலு காட்டலாமா?"

"தைக்குள்ள வளந்துரும் சம்பந்தி. சுருக்கி வெச்சிருக்கு அது."

"சுருக்கி வெச்சிருக்கா?" என்று மீனாம்பாள் நுனியைப் பிடித்து, நிமிர்த்திப் பார்க்கலாம் என்று, அன்றைக்கு இழுத்த அதே மாதிரி இழுத்தாள்.

பாம்பு கொண்டை ஊசியில் மூக்கை ஒரு உரசு உரசியது, தேன்மொழியின் இடது தோள்மேல் முன்பக்கமாக நகர்ந்தது. அது முன்னால் நகர நகர, உதட்டருகே பிளந்துவிட்ட சட்டை உள்பக்கம் வெளியாகப் புரண்டு பின்னால் கழன்று, முல்லைச் சரத்தையும் சேர்த்துக்கொண்டு, காகிதம் உரசுகிற சத்தத்தோடு முழுசாக மீனாம்பாளின் கையோடு வந்தது. கையில் மெல்லிசாக, வெள்ளையாக, செதில் செதிலாக, பூ வைத்த ஒரு சடை. மீனாம்பாள் காரியவாதி. கூச்சல் போடவில்லை. கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, அதற்கு மேலும் இரண்டு விரக்கடை.

"அஞ்சு சாண் இருக்கா அத்தை?" என்று திரும்பாமலே கேட்டாள் தேன்மொழி.

"இருக்கு."

"நீங்க பேசினது அஞ்சு சாண்தானே. என்ன படிச்சிருக்கேன்னு பேசல, என்ன செய்யப் போறேன்னு பேசல. பேசினது உங்க கைக்கு வந்துருச்சு, கூட்டிக்கிட்டுப் போங்க. தைக்கு இன்னும் நாள் இருக்கு, பத்திரிகைகூட மாத்த வேணாம்."

யாராவது சண்டை போடுவார்கள் என்று அவள் காத்திருந்தாள், எட்டு மாதமாகச் சேர்த்து வைத்த வாதங்கள் தொண்டை வரை வந்து நின்றன. ஆனால் அப்போதுதான் அவள் தோளைத் தாண்டி, புதுத் தோலில் பளபளவென்று ஒரு தலை முன்னால் வந்து, கழுத்தெலும்பில் ஊன்றி, மேலே நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்தது. யார் முதுகில் இத்தனை வருஷம் இருந்தேன் என்று பார்ப்பதுபோல மூக்கு, கண், குட்டை முடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நாக்கை நீட்டி அவள் தாடையைத் தொட்டது. கடிக்கவில்லை. தேன்மொழிக்கு ஒரு வாதமும் ஞாபகம் வரவில்லை. பின்னால் மீனாம்பாள் சட்டையை நாலாக மடித்து, ரவிக்கைத் துணியில் பொதிந்து, தாம்பாளத்தில் வைத்துக் குங்குமம் இடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை அவள் ஆராய்ச்சிப் படிப்பில் சேர, பெட்டியும் டப்பாவுமாக டவுன் பஸ் ஏறினாள். அஞ்சலை அழுதாள், திட்டினாள், பட்டர்ஸ்காட்ச் டப்பாவைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். கலியமூர்த்தி பஸ் கிளம்புகிறவரை மாரிமுத்துவிடம் எலிப்பொறி விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றிக் கிடந்த பாம்பைக் கண்டக்டர் பார்த்தார்.

"இது ஆணா, பொண்ணா?"

"எதுக்குண்ணே?"

"பொண்ணுன்னா இந்த பஸ்ல டிக்கெட் கிடையாது. ஆணுன்னா எடுக்கணும்."

"இது என் தலைமுடிண்ணே."

"தலையில இருந்தா முடி. கழுத்துல இருக்கே?"

"வெட்டின முடிக்கு டிக்கெட்னா, சலூன்காரர் குப்பை கொண்டுபோனா எத்தனை டிக்கெட் போடுவீங்க?"

பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பெரம்பலூர் வருவதற்குள் கண்டக்டர் தோற்று, கட்டணமில்லாச் சீட்டு இரண்டு கிழித்துக் கொடுத்தார், ஒன்று அவளுக்கு, ஒன்று அதற்கு.

தை மாதம், குறித்த முகூர்த்தத்தில், அரியலூரில் கல்யாணம் நடந்தது. திருச்சி ஹாஸ்டலில் அறிவிப்புப் பலகைக்குக் கீழே நின்று தேன்மொழி அம்மாவிடம் ஃபோனில் விவரம் கேட்டாள். மணையில் பட்டு விரித்து அதன்மேல் சட்டையை வைத்திருந்தார்கள், அருள்மணி தாலியை நடுச்சாணில் கட்டினான், வந்தவர்கள் எல்லாம் மொய் எழுதிவிட்டு, பெண்ணுக்கு நல்ல முடி என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

"பொண்ணு எப்படிம்மா நடந்துக்கிச்சு?"

"தங்கமான பொண்ணுடி," என்றாள் அஞ்சலை. "உக்கார வெச்ச எடத்துல உக்காந்துச்சு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. மீனாம்பாளுக்குப் பெருமை தாங்கல. அது கிடக்கட்டும். என் முடி சாப்பிட்டுச்சா?"

"என் முடிம்மா."

"எண்ணெய் வெச்சது யாருடி?"

தேன்மொழி ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தான் போட்டிருந்த சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பாம்பைப் பக்கவாட்டில் விரல் கொடுத்து வாங்கி, முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டாள். இது நீளமாகப் போகிற சண்டை, அதுவும் கேட்கட்டும்.